லெவல் எறங்குது

நைனாவுக்கு நுரையீரல் முழுக்கச் சுரங்கத்துத் தூசு. வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இரண்டு பேர்தான். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டின் முன்னறையில் நான் பெங்களூரு கம்பெனி வேலை பார்ப்பேன், அவர் உள்ளே படுத்திருப்பார். அவர் விரலில் மாட்டிய, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை ப்ளூடூத் வழியாக என் பழைய லேப்டாப்போடு இணைத்திருந்தேன். திரையின் மூலையில் ஒரு எண் ஓடும். தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆக்சிஜன் மெஷினைப் போட வேண்டும். அந்த எண்தான் எனக்குத் தைரியம்.

லேப்டாப் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை ஓட்டுகிற லினக்ஸின் உட்கருவான கெர்னலை நானே இளைக்க வைக்கலாம் என்று அன்று காலை உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாதா எனக்கு! வேண்டாத வசதிகளை எடுத்துக்கொண்டே வந்தேன். ப்ளூடூத்துக்குக் கீழே 'லோ எனர்ஜி' என்று ஒன்று. மின்சாரம் மிச்சம் பிடிக்கிற சமாசாரம் போலிருக்கு, எந்நேரமும் பிளக்கில் கிடக்கிற லேப்டாப்புக்கு எதற்கு என்று அதையும் எடுத்தேன். புது கெர்னல் ஏறியதும் ப்ளூடூத் ஹெட்போன் டக்கென்று சேர்ந்து பாடியது. மூலையில் எண்ணும் இருந்தது. தொண்ணூற்று நாலு.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு உள்ளேயிருந்து குரல். "லெவல் எறங்குதும்மா."

எங்கள் ஊரில் லெவல் என்றால் சுரங்கத்தின் ஆழம். கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் ஏறி லெவல் லெவலாக இறங்குவார்கள். நைனா தூக்கத்தில் ஷிஃப்டுக்குப் போவது புதிதில்லை. "எறங்கட்டும் நைனா, நீ தூங்கு," என்றேன். திரையைப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு.

"இன்னும் எறங்குது..."

குரல் தேய்ந்துவிட்டது. மறுபடியும் தொண்ணூற்று நாலு. அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்தே அதே எண். எந்த மனுஷனின் மூச்சு இப்படி அசையாமல் நிற்கும்?

ஓடினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. விரல் கருவியில் எழுபத்தொன்பது. ஐயோ! மாஸ்க் பட்டை கையில் நிற்கவில்லை. சுவிட்ச் கண்ணெதிரே இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. "மூச்ச இழு நைனா, இழு!" என்று கத்தியது பக்கத்து லைன் வரை கேட்டிருக்கும். எண் மெல்ல ஏறித் தொண்ணூறைத் தொடும் வரை சாமியைக் கும்பிட்டேனா, திட்டினேனா, தெரியாது.

அவர் தெளிந்து டீ கேட்ட பிறகு லேப்டாப்பைக் குடைந்தேன். அந்தக் கருவி பேசுவதே லோ எனர்ஜியில்தான். ஹெட்போனுக்கு அது தேவையில்லை. வழி அடைபட்டதும் நான் எழுதிய புரோகிராம் கடைசியாகச் சேமித்த எண்ணையே காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பாழாய்ப்போன அந்த வசதியைத் திரும்பச் சேர்த்து, கெர்னலை மறுபடி கட்டினேன். எண் அசைந்தது. பயம் மட்டும் போகவில்லை.

"நல்லவேள நைனா, வெரல்ல நம்பர பாத்து சொன்ன."

"நம்பரா? கண்ணாடி இல்லாம எனக்கு இன்னாம்மா தெரியும்? கீழ போற மாதிரி இருந்திச்சி, சொன்னேன்."

கண்ணாடி என் மேஜையில், லேப்டாப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.