மெரோவே அரசிகளும் எங்கள் குடியும்

இந்த நாட்டில் என்னை எல்லோரும் அப்பாவின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லாண்டரியில், படுக்கை விரிப்புகளின் ஆவிக்கு நடுவே, "மிஸ்டர் சின்னத்தம்பி!" என்று மேற்பார்வையாளர் லிண்டா குரல் கொடுக்கும்போது, அப்பா எனக்குப் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருசமாகியும் இது மட்டும் பழகவில்லை. ஒருநாள் லிண்டா, "இதுதானே உங்கள் குடும்பப் பேர்?" என்று கேட்டாள். "இல்லை, அது அப்பாவின் பேர். எங்கள் ஊரில் குடும்பம் அம்மாவின் வழியில் வருவது" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "மன்னியுங்கள். சின்ன வயதிலேயே அப்பா உங்களை விட்டுவிட்டுப் போய்விட்டாரா?" என்றாள். என் அப்பா அம்மாவை விட்டு ஒரு இராத்திரிகூட வெளியில் தங்காத மனுசர். அதை என் அரைகுறை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவதற்குள் அவள் தன் பையிலிருந்த பிஸ்கட்டை எனக்குத் தந்துவிட்டாள்.

பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த இத்ரீஸ் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சூடான்காரன். சண்டைக்குத் தப்பி வருவதற்கு முன் நைல் நதிக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவன். "எங்கள் பழைய அரசர்கள் வந்திருந்தால் அவர்களுக்கும் பிஸ்கட் கிடைத்திருக்கும்" என்றான்.

வேறு ஊர்க்காரருக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே, களுவாஞ்சிக்குடிக்குக் கிட்டத்தான் என் ஊர். எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. தகப்பன் யாராயிருந்தாலும் அவர் வேறு குடி. வீடு வளவு மகளுக்குப் போகும், குடி மகளின் வயிற்றில் தங்கும். கோயில் திருவிழாவில் வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர், ஒவ்வொரு குடியாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குடியில் பிறந்த ஒருவர் முன்னுக்கு வந்து "நிக்கிறம்" என்று சொல்லி வெற்றிலை வைத்த வட்டாவை, அந்தப் பித்தளைத் தட்டை, வாங்கவேண்டும். எங்கள் குடியின் பேரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நான் யாரென்று ஊர் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும்.

இத்ரீஸ் சாப்பாட்டு இடைவேளையில் போனில், சூடானின் பழைய தலைநகரான மெரோவேயின் படங்களைக் காட்டுவான். மணலுக்குள் வரிசையாகப் பிரமிட் கல்லறைகள். புதையல் தேடி வந்த வெள்ளைக்காரன் உடைத்ததால் பலவற்றுக்குத் தலை இல்லை. எகிப்தையே ஒரு காலம் ஆண்ட குஷ் அரசு அது. அரசனுக்கு உரிமை தாய்வழியில் வந்தது, கந்தாக்கே என்ற பட்டத்தோடு பெண்களே வாள் பிடித்து ஆண்டார்கள் என்று அவன் சொல்லும்போது எனக்கு எங்கள் பெரியம்மாமார் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிற்பது தெரியும். உலகத்தில் நாங்கள் மட்டும் விசித்திரப் பிறவிகள் இல்லை என்று மனதுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையையும் அவனே கெடுத்தான். பின்னாளில் அதே மண்ணில், நூபியாவில், சகோதரியின் மகனுக்கே சிம்மாசனம் என்ற வழக்கம் இருந்ததாம். வெளியிலிருந்து வந்த அரபுக்காரர்கள் அரச குடும்பத்துப் பெண்களைக் கட்டினார்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகள் பழைய வழக்கப்படியே அரசரானார்கள். ஆனால் தகப்பன்மாரின் மொழியோடும் தகப்பன்மாரின் பேரோடும். "நாடு கைமாறச் சண்டையே வேண்டியிருக்கவில்லை" என்றான் இத்ரீஸ். அன்று நான் சோற்றை முடிக்கவில்லை.

ஏனென்றால் எங்கள் குடிக்கு இப்போது பெண் இல்லை. அம்மாவும் பிள்ளையில்லாத பெரியம்மாமாரும் முன்பே போய்விட்டார்கள். என் ஒரே அக்கா மலரையும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளையும் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு கோயிலில் எங்களுக்காக நின்றவர் அம்மாவின் தம்பி, என் மாமா. இந்த மாசியில் அவரும் போய்விட்டார். குடியில் மிச்சம் நான் ஒருவன். எனக்கு மகள் இருக்கிறாள். ஆனால் பிள்ளை தாயின் பக்கம், என் மனைவியோ யாழ்ப்பாணத்தாள். "எங்கட பக்கம் இந்தக் குடி கிடியெல்லாம் இல்லையப்பா. பிள்ளைக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் கிடைச்சால் காணும்" என்பாள் அவள். சரிதான், காணும், போதும்தான். மகள் அபி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தேவாரத்தை எழுத்துக் கூட்டி அழகாக வாசிப்பாள். அர்த்தம் கேட்டால் தோளைக் குலுக்குவாள். மெரோவே எழுத்துகளும் இப்படித்தானாம். ஒலி தெரியும், வாய்விட்டு வாசிக்கலாம், என்ன சொல்கிறார்கள் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இத்ரீஸ் அதைச் சொன்ன நாள் முதல் அவள் தேவாரம் படித்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் அப்பாவின் அக்கா மகன் குணம் போன் எடுத்தான்.

"மச்சான், கோயில்ல கேக்காங்க. இந்த வரிசம் உங்கட குடிக்கு ஆரு நிக்கிற?"

"நான் வர ஏலாதுடா. இங்க என்னை அகதியெண்டு ஏத்துக்கொண்டவங்க. ஊருக்குப் போனா, மறுகா ஏன் பயமெண்டு வந்தாயெண்டு கேப்பாங்க. நீ எனக்காக வட்டாவ வாங்கன்."

"நான் வேற குடி, மச்சான். நான் கைநீட்டினா அது களவு."

"அப்ப?"

"கூப்பிடுவாங்க. ஆளில்லாட்டி அடுத்த வரிசத்தில இருந்து கூப்பிட மாட்டாங்க. நான் போனைப் பிடிக்கிறன், நீ அங்க இருந்து சொல்லு. வண்ணக்கருக்கும் சொல்லி வெச்சிரிக்கன். நிக்கிறமெண்டு சத்தம் கேட்டாப் போதுமாம்."

அந்த நாள் எனக்கு வேலை. லாண்டரிச் சாப்பாட்டு அறையில் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்தேன். இத்ரீஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திரையில் பறைமேளம், கர்ப்பூரப் புகை, வெயிலில் மின்னும் வெறும் முதுகுகள். வண்ணக்கர் ஒவ்வொரு குடியாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் போய் வாங்கினார்கள். பிறகு எங்கள் பேர் வந்தது. என் அம்மாவின், அவள் அம்மாவின், மலரின், அந்த இரண்டு குஞ்சுகளின் பேர். மேளம் நின்றது. குணம் போனை உயர்த்திப் பிடித்தான். எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன.

நான் எழுந்து நின்றேன். "நிக்கிறம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கதவு திறந்தது.

"மிஸ்டர் சின்னத்தம்பி!" என்றாள் லிண்டா.

"யெஸ்" என்றேன், அவள் பக்கம் திரும்பி.

திரையில் வண்ணக்கர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வட்டாவை மறுபக்கம் திருப்பி, அடுத்த குடியைக் கூப்பிட்டார்.