தேய்த்த காசும் தேய்க்காத காசும்

வெள்ளிப் பாத்திரக் கடையின் பின்கட்டில், மெருகு போடும் மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் மெருகக்கா என்றே கூப்பிடுவார்கள். கறுத்துப்போன தட்டோ டம்ளரோ, எதைக் கொடுத்தாலும் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கித் தந்துவிடுவாள். கைராசிக்காரி என்று முதலாளியே வாய் நிறையச் சொல்வார், கூலியை மட்டும் ஏற்ற மாட்டார். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறுதான். தங்கை பேச்சை எடுத்தால் வயிறு எரியும். தங்கைக்குச் சொந்த வீடு, அதில் மாடி வேறு. இவளுக்கு வாடகை வீடு, அதில் ஒழுகல் வேறு. தங்கை புருஷன் வாயில்லாப் பூச்சி. இவள் புருஷனுக்கு வாயைத் தவிர வேறொன்றும் இல்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். காசு விஷயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அம்மா சேர்த்து வைத்திருந்த பழைய வெள்ளிக் காசுகள் அவை. எல்லாவற்றிலும் ஒரே மீசைக்கார ராஜா. அம்மா போன பிறகு அப்பா அவற்றைச் சரிபாதியாக இரண்டு குவியலாக்கி, "மூத்தவ நீ, முதல்ல எடு" என்றார். அவள் வலப்பக்கக் குவியலை அள்ளினாள். அள்ளிய கை மடிக்கு வந்து சேரவில்லை, அதற்குள் இடப்பக்கக் குவியல் பெரிதாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. எண்ணிக்கை ஒன்றுதான், அவளே எண்ணினாள். ஆனாலும் தங்கை பக்கத்து ராஜாவுக்கு மீசை கொஞ்சம் கூடுதலாகவே முறுக்கியிருந்தது. அப்பா இரண்டு பங்கையும் தனித்தனித் துணியில் முடிந்து கொடுத்தார். தங்கை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். நல்லது கிடைத்தவள் எதற்கு வாயைத் திறக்கப்போகிறாள்?

அன்று பிடித்தது வீம்பு. பங்கில் விட்டதைப் பளபளப்பில் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். வாரம் தவறாமல் பல்பொடி போட்டுத் தேய்த்தாள். கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மோட்டாரிலேயே கொடுத்துவிட்டாள். இருபது வருஷத்தில் காசுகள் கண்ணைப் பறித்தன.

இப்போது பழைய மெருகு மோட்டார் ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதை வாங்கிப் போட்டால் சொந்தமாகவே தொழில் செய்யலாம், முதலாளியின் வாய்ப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அதற்காகத்தான் காசுகளை விற்கத் துணிந்தாள். அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் தங்கையிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"நானும் வரேன்க்கா. மாடிப்படிக்குக் கம்பி போடணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன். ஆமா, என் காசையும் ஒரு தடவை தேச்சுக் குடேன்."

"எங்கடி நேரம்? கடையில வேலை குமிஞ்சு கெடக்கு" என்றாள் மெருகக்கா. அந்த வாரம் முழுக்கக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம். தன் கையால் தேய்த்து, தன் காசுக்குச் சமமாக அவள் காசை உட்கார வைக்க அவளுக்கென்ன பைத்தியமா?

பழைய நாணயம் வாங்குகிறவர் ஒரு மாடியறையில் கடை வைத்திருந்தார். தராசு ஆடக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்ததால் மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. மெருகக்கா தன் காசுகளை வரிசையாகப் பரப்பினாள். அவர் ஒன்றை விளிம்பில் பிடித்துத் தூக்கி, லென்ஸை வைத்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"இதை யாரும்மா தேச்சது?"

"நான்தான். என் தொழிலே அதுதான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடடா, ராஜாவோட மூக்கையே காணோமேம்மா. மீசையும் பாதிதான் இருக்கு. சேத்து வைக்கிறவங்க தேச்ச காசைத் தொட மாட்டாங்க. வெள்ளி எடைக்குத்தான் எடுத்துக்க முடியும்."

மெருகக்கா பரப்பிய காசுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சரி, தங்கையின் தேய்க்காத காசு எடைக்குக்கூடப் போகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தங்கையோ துணியை அவிழ்க்க முடியாமல் திணறினாள். கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொட்டினார். அத்தனையும் அடுப்புக்கரி நிறம். மெருகக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பார்த்தார். "இப்படித்தாம்மா இருக்கணும். கறுப்பு மேலதான். அடியில ஒரு முடிகூடத் தேயல." பிறகு மெருகக்கா பக்கம் திரும்பி, "ஒங்க காசு அஞ்சு சேந்தா இது ஒண்ணு" என்றார்.

தங்கை கேட்டபோதே தேய்த்துக் கொடுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகியிருக்கும். பொறாமைப்பட்டு அவளைக் காப்பாற்றியிருக்கிறோமே என்று நினைக்க நினைக்க மெருகக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கைக்கு வந்த தொகையில் மோட்டாரின் பெல்ட் வாங்கலாம், மோட்டார் வாங்க முடியாது.

படியிறங்கும்போது தங்கை சொன்னாள்: "ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பாதிப் பாதி எடுத்துக்கலாம்க்கா. ஒனக்கு மோட்டாருக்கு ஆகும், எனக்குக் கம்பிக்கு ஆகும்."

நல்ல பெயரும் அவளுக்கே போகிறதா? மெருகக்காவால் தாங்க முடியவில்லை. "ஒன் தயவு ஒண்ணும் எனக்கு வேணாம். நீ பொத்திப் பொத்தி வச்ச, ஒனக்குக் கெடச்சுது."

"பொத்தி வச்சனா? நீ வேற. அன்னைக்கு நல்லதாப் பாத்து நீ அள்ளிட்டே. மிச்சத்தைத்தானே அப்பா எனக்குக் குடுத்தாரு? வயித்தெரிச்சல்ல அந்த முடிச்சை நான் இன்னிக்கு வரைக்கும் அவுத்துப் பாக்கல. அலமாரியைத் தொறந்து அது கண்ணுல பட்டாலே ஒன் மேல கோவம் வரும்."

மெருகக்கா படியிலேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷமாக எரிந்த வயிறு தன்னுடையது ஒன்றுதான் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்? மாடியோடு சொந்த வீடு வைத்திருப்பவளுக்கும் வயிறு எரியுமென்று யாருக்குத் தெரியும்? மனசு லேசாகிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

"சரி, போடு பங்கு" என்றாள்.

தெருவோரத்துத் திண்ணையில் உட்கார்ந்து, கைக்குட்டையை விரித்து, இருவரும் சேர்ந்தே பணத்தை எண்ணி இரண்டு கட்டாக வைத்தார்கள். தங்கை கையை நீட்டவில்லை.

"நீ மூத்தவ, முதல்ல எடுக்கா."

"அய்யோ, ஆளை விடு. போன தடவை பட்டதே போதும். இந்தத் தடவை நீ எடு."

தங்கை இடப்பக்கக் கட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். செருகிய மாத்திரத்தில் அந்தக் கட்டு கொஞ்சம் தடிமனாகத்தான் தெரிந்தது மெருகக்காவுக்கு.