வாய்க்காலில் விழுந்த குல்த்

ரவென்னா நகரத்து வாய்க்கால் ஓரத்தில் கால்சட்டை தைத்துப் பிழைத்தவள் குந்தில்தா. வடக்கிலிருந்து வந்த கோத்து இனத்துக்காரி. யாரையாவது சீண்டாவிட்டால் அவளுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது. பக்கத்துக் கடையில் மீன்சாறு விற்ற லூப்புஸ் அங்கி போடும் ரோமானியன். கால்சட்டை போடுகிறவனெல்லாம் காட்டுமிராண்டி என்பது அவன் கட்சி.

ஒருநாள் அவள் விரலில் கிடந்த மோதிரத்தைக் காட்டிக் கேட்டான்.

"இந்தத் தங்கத்துக்கு உங்க பாஷையில என்ன பேரு?"

"குல்த்."

"எங்ககிட்ட திருடின வார்த்தையா இருக்கும். காட்டுல கெடந்தவங்களுக்குத் தங்கம் ஏது?"

"உங்க லத்தீன்ல தங்கத்துக்கு 'அவுரும்'னு பேரு, அதுல குல்த் எங்கய்யா ஒளிஞ்சிருக்கு? மஞ்சளா மின்னுதேன்னு எங்க முப்பாட்டன் வெச்ச பேரு. வடக்க இருக்கற எங்க பங்காளிங்க எல்லார் வாயிலயும் இதேதான்."

பேச்சு முற்றிப் பந்தயமானது. மறுநாள் வரும் குதிரை வியாபாரி பெர்த்தார், அவள் சொன்ன வடக்குப் பங்காளிகளான ஃபிராங்க் இனத்தவன், தன் தாய்மொழியில் தங்கத்துக்கு என்ன பெயர் என்று சொல்ல வேண்டும். அது குல்த் மாதிரி இருந்தால் லூப்புஸ் கால்சட்டையோடு சந்தையைச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் குந்தில்தா அவன் கடையில் மீன்குடல் அலச வேண்டும்.

பெர்த்தார் வந்தபோதே அவன் வாயில் லூப்புஸ் வீட்டு ஒயின் மணத்தது. மோதிரத்தைப் பார்த்து, "எங்க ஊர்லயும் அவுரும்தான்" என்று பாடம் ஒப்பித்தான். லூப்புஸ் இளித்தான்.

குந்தில்தாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். "சரிண்ணே, தோத்துட்டேன். ராசி கெட்ட மோதிரம், தொலையட்டும்" என்று வாய்க்காலைப் பார்த்துக் கையை வீசினாள். தண்ணீரில் ஏதோ விழுந்தது.

"அடிப்பாவி! கோல்ட்! கோல்ட்!" என்று அலறிக்கொண்டு பெர்த்தார் செருப்போடு குதித்தான். சேற்றைக் கலக்கி அவன் எடுத்தது ஒரு எலும்புப் பொத்தான். மோதிரம் அவள் இன்னொரு கைக்குள் பத்திரமாக இருந்தது.

"கேட்டியா லூப்புஸு? குல்த், கோல்ட். கூடப்பொறந்ததுங்க!"

"அவன் பதட்டத்துல உளறினான்."

"பதறினா பெத்தவ பாஷைதானேய்யா வரும்!"

அன்று சந்தையே சிரித்தது. சிவப்புக் கால்சட்டையில் லூப்புஸ் தலை குனிந்தபடி நடந்தான். குளிர்காற்று வீசிய நாள் அது. மாலையில் குந்தில்தா கால்சட்டையைத் திருப்பிக் கேட்டபோது அவன் குரலைத் தாழ்த்தினான்.

"குளிர்காலம் முடியட்டுமே. அங்கிக்குள்ள போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அவள் நேரே மாவுக்கடைக்குப் போனாள். அங்கேதான் கூட்டம் அதிகம்.