கையெழுத்துப் போடாத பங்காளி

டெல்லியில் உள்ள அரசாங்க நட்சத்திர ஓட்டலில் எனக்கு வேலை கிடைத்தபோது, கோட்டையூரில் யார் காதிலும் ஓட்டல் என்ற சொல் விழவில்லை. அரசாங்கம் என்பது மட்டும்தான் விழுந்தது. அப்பா கொத்தனார். மறுநாளே தன் மொபெட்டின் முன்பக்கம் சிவப்பில் 'அ' என்று எழுதி வாங்கி வந்தார். அரசு ஜீப்புகளில் இருக்கும் எழுத்து அது. தெருக்காரர்கள் பட்டா மாற்றித் தரச் சொல்லி என்னிடம் மனு கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். அந்த மனுக்களைத் திருப்பிக் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

என்னை அவ்வளவு தூரம் அனுப்ப அப்பா சம்மதித்ததே அந்த ஓர் எழுத்துக்காகத்தான். தனியார் வேலை என்றால் காரைக்குடி பேருந்து நிலையத்தைக்கூட நான் தாண்டியிருக்க முடியாது.

ஓட்டலில் எனக்கு விளம்பரப் பிரிவு. அதன் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதச் சொன்னார்கள். நாடு விடுதலையடைந்த புதிதில் வெளிநாட்டு விருந்தாளிகளைத் தங்க வைக்க இடமில்லாமல் கட்டியது அது. முதலில் மன்னர்களும் அதிபர்களும் தங்கினார்கள். பிறகு அதிகாரிகள் தங்கினார்கள். அதன் பிறகு அதிகாரிகளின் உறவினர்கள் வந்தார்கள், அவர்கள் கிளம்பவேயில்லை. கடைசி வரியை மட்டும் மேலாளர் அடித்துவிட்டார். பழுதுபார்க்க நிதி கேட்டபோது, கட்டடம் நாளையே இடிந்துவிடும் என்று எழுதினேன். விற்கப்போகிறோம் என்றதும் அதையே காலத்தை வென்ற மாளிகை என்று எழுதினேன். இடையில் ஒரு செங்கல்கூட மாறவில்லை.

விற்பனைச் செய்தி வந்தபோது நான் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். காரைக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் தாய்மாமா செல்போனை நீட்டியபடியே உள்ளே நுழைந்தார். அவர் கையில் எனக்கு ஒரு மாப்பிள்ளை வெகுநாளாகத் தயாராக இருந்தார்.

"மச்சான், பாத்தீகளா? இவ ஓட்டல விக்கிறாகளாம். இனி அது தனியாரு. பிள்ளைய இங்குட்டுக் கூட்டியாந்துருங்க. மாப்பிள்ளை வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காக."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விக்கப் போறாகளா, வித்துட்டாகளா?"

"விக்கப் போறாக."

"அப்பச் சரி. ஆச்சி வீட்டையுந்தான் இத்தன வருசமா விக்கப் போறாக. சாப்புடு மாப்புள."

அப்பாவின் தைரியம் பக்கத்துத் தெருவில் ஆச்சி வீடு என்று ஊர் சொல்லும் செட்டிநாட்டு மாளிகையிலிருந்து வந்தது. தெருவின் இரு முனையையும் தொடும் அந்தப் பெரிய வீட்டின் சாவியும் மராமத்து வேலையும் அப்பாவிடம்தான். அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அதை விற்கப் பார்க்கிறார்கள். ஒரு பங்காளி மலேசியாவில், ஒருவர் அமெரிக்காவில், கோயம்புத்தூரில் இருக்கும் இருவருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாரும் சம்மதித்து வரும்போது எங்காவது ஒரு புதுப் பங்காளி பிறந்துவிடுவான்.

"அது பங்காளிக வீடு மச்சான். இது அரசாங்கத்தோடது."

"அரசாங்கம்னா யாரு? நாமதானே? அப்ப நாட்டுல உள்ள அம்புட்டுப் பேரும் பங்காளிதான். நான் இன்னும் கையெழுத்துப் போடலையே."

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். "ஒங்களுக்கு எங்க கையெழுத்து வரும்? கைநாட்டுத்தானே!"

"கைநாட்டும் செல்லும்டி. அதையும் நான் வைக்கல."

அரசாங்கம் சொத்தை எப்படி விற்கும் என்று எனக்குத் தெரியும். விளக்கியிருக்கலாம். டெல்லி ரயிலுக்கு எடுத்து வைத்திருந்த டிக்கெட் ஞாபகத்துக்கு வந்தது. படித்தவள் எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் படிப்பில் சேர்த்திதான்.

அப்பா சொன்னதே நடந்தது. நிலம் எங்களுடையது என்றது ஓர் இலாகா. கட்டடம் எங்களுடையது என்றது இன்னொன்று. வாங்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். நான் புத்தகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

ஆனால் ஆச்சி வீடு விற்றுப்போனது. ஒரு கல்யாணத்தில் பங்காளிகள் மொத்தமாகச் சிக்கியபோது, பந்தி முடிவதற்குள் பேசி முடித்துவிட்டார்களாம். வாங்கியது ஒரு நட்சத்திர ஓட்டல் கம்பெனி. மாமா அன்று மாலையே வீட்டுக்கு வந்து, "பங்காளி வீடே போயிருச்சு, இனி ஒங்க அரசாங்கம் எம்மாத்திரம்? அந்த 'அ'வச் சுரண்டுங்க மச்சான்" என்றாராம். அம்மாதான் போனில் சொன்னாள். நான் கட்டிலுக்கடியிலிருந்த சூட்கேஸை இழுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் கூப்பிட்டார். பின்னால் மாமாவின் தொண்டைச் செருமல் கேட்டது.

"ஏத்தா, ஆச்சி வீட்டு ஓட்டலுக்கு மேனேசரு வந்திருக்கு. பொம்பளப் பிள்ள, ஒன் வயசுதான் இருக்கும். டெல்லியாம். தமிழு ஒரு சொல்லு வரல. நான் பூசுன சுவர மறுபடி பூச வச்சிருச்சு."

"ஒங்களையா?"

"கையாலயே அதட்டுதுத்தா." அப்பாவின் குரலில் கோபம் இல்லை. "அதையும் ஒரு அப்பன் இம்புட்டுத் தூரம் அனுப்பிருக்கான்ல. அதுவும் தனியாருக்கு."

"அதுக்காக மச்சான்..." என்று மாமா தொடங்கினார்.

"சும்மா இரு மாப்புள." அப்பா மறுபடி போனுக்கு வந்தார். "அந்தப் பிள்ள வீடு அங்க எங்குட்டுன்னு கேட்டுச் சொல்றேன். ஒரு எட்டுப் போயிட்டு வா. பிள்ள நல்லாச் சாப்புடுதுன்னு அவுக அப்பாகிட்ட சொல்லு. கொழம்புக் காரந்தான் தாங்கல, அதையும் அம்மா பாத்துக்கிறாளாம்."