ஓரத்து மணல்

செசிலிக்குத் தங்கை மேல் பொறாமை வந்தது நகையாலோ வீட்டாலோ அல்ல, மணலால். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போகும் பஸ் மிக்கேல்துறை வளைவில் திரும்பும்போது தங்கையின் ஊர்க் கடற்கரை முழுவதும் தெரியும். அந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அங்கே சிலுவை வைத்த ஒரு குருசடி இருப்பதால், அவள் ஜெபம் செய்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

முன்பு நிலைமை வேறாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காளும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்க்கைப்பட்டார்கள். செசிலியைக் கட்டிய ராஜமணிக்கு அலங்காரத்துறை. அங்கே வீட்டு வாசலிலிருந்து அலை வரைக்கும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், அவ்வளவு மணல். தங்கையின் பெயர் வேளாங்கண்ணி; அவள் வாழ்க்கைப்பட்டது மேற்கே அடுத்த ஊரான மிக்கேல்துறையில். அங்கே வெறும் பாறைதான். ஆடி மாதத்தில் கடல் கொல்லைப்புறம் வரை வந்து போகும். பிள்ளையைக் கல்லின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். செசிலியும் வருத்தப்பட்டாள். அந்த வருத்தத்தில் ஒரு சுகம் இருந்தது.

இரண்டு பேருக்கும் தொழில் கருவாடு. நெத்திலிக்கு மணல் வேண்டும். பழைய வலையை மணலில் விரித்து மீனைப் பரப்பினால், மேலே காற்று ஈரத்தை எடுக்கும், கீழே மணல் குடிக்கும். ஒரே பகலில் மீன் சலசலவென்று காய்ந்துவிடும். பாறையில் அது நடக்காது. அதனால் வேளாங்கண்ணி அலுமினியச் சருவத்தில் மீனைத் தலையில் சுமந்துகொண்டு அக்காள் ஊருக்கு நடந்து வருவாள். செசிலி அவளுக்கு ஓடை வந்து கடலில் விழும் ஓரத்தைக் காட்டினாள். அந்த இடத்தில் மேலே மணல் வெளுத்துக் கிடந்தாலும், உள்ளங்கை ஆழம் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் கசியும். தங்கையின் கருவாடு எப்போதும் ஒரு நாள் பிந்தியே காய்ந்தது. சில நேரம் அடியில் வாடை தட்டியது. இப்படிப் பதினெட்டு வருஷம். தங்கச்சிக்கு நான் இடம் கொடுத்திருக்கிறேன் என்று செசிலி பங்குக் கோயில் வாசலில் சொல்லிக்கொண்டாள். கொடுத்தது இடமா ஈரமா என்று தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

ஒக்கிப் புயலுக்கு மறு வருஷம் மிக்கேல்துறைக்குத் தூண்டில் வளைவு வந்தது. மலையை உடைத்த கருங்கற்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து, இரண்டு ஊர்களின் எல்லையில் கடலுக்குள் நீட்டிய கைபோல அடுக்கினார்கள். மூன்று மழைக்காலம் போயிற்று. மிக்கேல்துறைப் பாறைகளை மணல் மூடியது. பிறகு அது தினமும் கடலைத் தள்ளிக்கொண்டே போனது. அலங்காரத்துறையில் கடல் முதலில் தென்னைகளைத் தின்றது, பிறகு வலைக்கூடத்தை, பிறகு செசிலி மீன் காயப்போடும் இடத்தை. மிச்சம் இருந்த வீடுகளுக்கு முன்னால் கல்சுவர் எழும்பியது. இப்போது அவள் மீனைச் சிமென்ட் ரோட்டில் பரப்புகிறாள். அடி வெந்து போகும், மேலே பச்சையாகவே இருக்கும். பைக்குகள் வேறு.

மாதம் ஒருமுறை நாகர்கோவில் கல்லூரியிலிருந்து ஸ்மிதா என்ற ஆராய்ச்சிப் பெண் அளவுகோலுடன் வந்து கரையை அளப்பாள். செசிலி ஒரு நாள் அவளை மறித்து, எங்கள் மணலை அவர்கள் எடுத்துக்கொண்டார்களா என்று கேட்டாள். யாரும் எடுக்கவில்லை என்றாள் ஸ்மிதா. மணல் எந்த ஊருக்கும் சொந்தமில்லையாம். மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் பொடிந்து, ஆற்றோடு கடலுக்கு வருகிறது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அலையைச் சாய்த்து அடிக்க, அந்த அலை மணலைக் கரையோடு கிழக்கே தள்ளிக்கொண்டு போகிறது. மிக்கேல்துறையில் தங்காமல் கடந்து, அலங்காரத்துறைக்கு வந்துகொண்டிருந்த மணல் அது. இப்போது கற்கள் நிறுத்திவிட்டன.

"ஒங்களுக்கு வரவேண்டியது அங்கயே நிண்ணு போச்சு ஆன்டி, அவ்வளவுதான்."

ஸ்மிதா இன்னும் நிறையச் சொன்னாள். செசிலியின் காதில் அந்த ஒரு வரிதான் தங்கியது. ஆற்றில் இறங்கி வந்த மலையை லாரியில் ஏறி வந்த மலை வழிமறித்துவிட்டது. மறித்தது சரி. வேறு ஊரில் மறித்திருக்கக் கூடாதா? தங்கைக்குத்தானா வாய்க்க வேண்டும்? இத்தனை நாள் வெறும் பொறாமையாக இருந்ததற்கு இப்போது ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. அது முன்பைவிட அதிகமாகச் சுட்டது.

வேளாங்கண்ணி பார்க்கும்போதெல்லாம் மீனை இங்கே கொண்டுவந்து விரி என்று கூப்பிட்டாள். எங்கள் ரோட்டில் நன்றாகவே காய்கிறது என்று செசிலி சொல்லிவிடுவாள். அந்தக் கருவாட்டைக் கருங்கல் சந்தையில் அவளிடம் வழக்கமாக வாங்கும் வியாபாரி இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தான். இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லியிருந்தான்.

புரட்டாசியில் ஒரு காலை, வள்ளங்கள் நிறைய நெத்திலியோடு வந்தன. செசிலி நாலு சருவம் எடுத்தாள். வீடு வந்து சேருவதற்குள் கோயில் மைக் சொன்னது: திருவிழாவுக்குக் கொடி ஏற்றுவதால் இன்று முதல் பத்து நாளைக்கு ரோட்டில் யாரும் மீன் விரிக்கக் கூடாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிவெயிலுக்குள் விரிக்காவிட்டால் மீன் வயிறு வெடித்துவிடும். அவள் சுவரைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், பிறகு தெருமுனையில் நிற்கும் பிரபினின் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

எங்கே என்று பிரபின் கேட்டபோது பதில் மெதுவாகத்தான் வந்தது.

"மிக்கேல்துறைக்கா? கடைசியில தங்கச்சி கடப்பொறத்துக்கேதானா எக்கா?"

"வண்டிய விடுலே."

வேளாங்கண்ணி கடற்கரை நடுவில் குனிந்து தன் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அக்காளையும் சருவங்களையும் பார்த்தாள். தன் வலையின் ஒரு முனையைப் பிடித்து, மீன் சிதறாமல் இழுத்து, நடுவில் நாலு வலைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"இங்க விரி. காத்து நேரா அடிக்கும்."

செசிலியின் காலுக்குக் கீழே மணல் சுட்டது. விரல் நுழையும் ஆழம் வரை காய்ந்த மணல், நடுவே செம்மணல் கோடு. தன் வாசலில் முன்பு கிடந்ததும் இதே நிறம்தான். அந்த நடு இடத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை. தூண்டில் வளைவின் அடியில், கற்களின் நிழல் விழுந்து அலைத்தூவல் தெறிக்கும் இடத்தைக் காட்டினாள்.

"எனக்கு அந்த ஓரம் போதும் பிள்ள."

வேளாங்கண்ணி நிமிர்ந்தாள். கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்தாள்.

"ஓரத்துல காயாதுண்ணு ஒனக்கு அப்பமே தெரியுமா எக்கா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். பதினெட்டு வருஷம் யாரும் கேட்காத கேள்வி அது. சருவத்தில் மீன் மினுமினுப்பு இழந்துகொண்டிருந்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. செசிலி அதை விரட்டினாள்.

"தெரியும்."

"எனக்கும் தெரியும்," என்றாள் தங்கை.

"பின்ன எதுக்குட்டி தெனமும் வந்த?"

"வேற எங்க போவேன்? நீ இப்ப எதுக்கு வந்தியோ அதுக்குத்தான். விரி, மீன் போவுது."

நடுவிலேயே விரித்தார்கள். ஆளுக்கு ஒரு முனையாக வலையைப் பிடித்து, சருவத்தைச் சாய்த்து, கையால் அளைந்து பரப்பினார்கள். மதியம் கச்சான் எழுந்தது. நாலு மணிக்குச் செசிலி ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்தாள். படீரென்று ஒடிந்தது. அடியிலும் ஈரமில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரே பகலில் காய்ந்த மீன். சந்தோஷப்பட்டாள். ஆனால் பக்கத்து வலையில் தங்கையின் மீன் இன்னும் கொஞ்சம் வெள்ளையாக இருப்பதையும் பார்த்துவிட்டாள்.

மறுநாள் மூட்டையோடு சந்தைக்குப் போனாள். மிக்கேல்துறை வளைவில் பஸ் திரும்பியது. இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. குருசடியைத் தாண்டி அந்தக் கரையைப் பார்த்து, நடுவில் இன்னும் எத்தனை வலை விரிக்க இடம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.