நொச்சிக்குப்பத்தில் ஒரு வெற்றிக் கதை

தொண்ணூறுகளின் நடுவில் ஏழைப் பெண்களுக்குச் சின்னக் கடன் கொடுப்பது சென்னையில் நல்ல உத்தியோகமாக இருந்தது. கொடுக்கிற பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ற அர்த்தத்தில் சொல்கிறேன்.

நான் அப்போது ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு சாந்தோமில் வீட்டோடு இருந்தேன். அப்பா பள்ளி ஆசிரியர். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஃபாதரைப் பிடித்து, "பொண்ணு சும்மாதான் இருக்கா ஃபாதர்" என்று வாரம் தவறாமல் சொல்லி வந்தார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஃபாதர், அடையாறில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு என்னை அனுப்பிவைத்தார்.

நிறுவனம் என்பது ஒரு பங்களாவின் மாடி. கீழே, அதை நடத்திய மேடம் குடியிருந்தார். கணவர் பெரிய அரசுப் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். குப்பத்துக்குப் போகும் நாட்களில் கட்டுவதற்கென்றே மேடம் ஒரு பீரோ நிறையக் கைத்தறிச் சேலை வைத்திருந்தார். நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, மண்மணி மாலை போட்டுக்கொண்டு, காரில் ஏறுவார். எனக்கு வேலை, வெளிநாட்டிலிருந்து நன்கொடை கொடுப்பவர்கள் வரும்போது பெண்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வது.

கடன் திட்டம் நல்ல திட்டம்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். நொச்சிக்குப்பத்துப் பெண்கள் காலையில் கரையில் மீன் ஏலம் எடுக்கத் தண்டல்காரரிடம் பணம் வாங்குவார்கள். தண்டல் என்றால், கொடுக்கும்போதே ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கையில் கொடுத்து, முழுத் தொகையையும் தினமும் வீடு தேடி வந்து வசூலிப்பது. நாங்கள் மிகக் குறைந்த வட்டியில் கொடுத்தோம். வாரம் ஒரு தவணை. அதற்கு முன் ஒரு படிவம், ஒரு புகைப்படம், நாலு கூட்டம், கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று சிக்கனமாக வாழ்வேன் என்று ஓர் உறுதிமொழி. மேடத்தின் பங்களாவும் கடனில் கட்டியதுதான். அதற்காக அவர் எங்கும் எழுந்து நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

எங்களிடம் முதலில் கடன் வாங்கியவர்களில் ஒரு மீன்காரம்மா இருந்தார். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், கணீரென்ற குரல். அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் என்று தெருத்தெருவாக விற்பார். எங்கள் கடனை வாங்கி, தவணை பிசகாமல் கட்டி முடித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தவறு. மேடம் அவரை எங்கள் வெற்றிக் கதையாகத் தேர்ந்தெடுத்தார்.

முதல் விருந்தினர்கள் வருவதற்கு முந்தின நாள் ஒத்திகை நடந்தது. மேடமே வசனம் எழுதியிருந்தார்.

"கடன் வாங்குறதுக்கு முன்னாடி என் வாழ்க்கை இருண்டு கிடந்தது. இன்னிக்கு என் வீட்டுல விளக்கு எரியுது. எங்க, சொல்லுங்க பாப்போம்."

"எங்க வூட்ல முன்னயே லைட்டு எரிஞ்சிகினுதானே கீது?" என்றார் மீன்காரம்மா.

"அது வேற அர்த்தம்மா. மனசுல இருந்த இருட்டு."

"மன்சுலயா?" என்றார். "சரி, சொல்லிக்கிறேன். கரண்டு பில்லு நான்தான் கட்றேன், அத்தயும் சொல்லிடவா?"

விருந்தினர்கள் ஓட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். அதுவரை ஏலம் எடுத்த மீனோடு அவர் படகு நிழலில் காத்திருந்தார். வந்தவர்கள் அவரைக் கூடையைத் தலையில் தூக்கச் சொன்னார்கள், இறக்கச் சொன்னார்கள், கடல் பின்னால் தெரிய மறுபடி தூக்கச் சொன்னார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அவர் இருட்டையும் விளக்கையும் சொன்னார். நான் அதை அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபோது கூடையில் இருந்த சங்கரா மீனின் கண் வெளுத்திருந்தது. மந்தைவெளியில் கண் வெளுத்த மீனை யாரும் தொடமாட்டார்கள். நாய்க்குப் போடக்கூடப் பேரம் பேசுவார்கள்.

அதன் பிறகு வருகைகள் அடிக்கடி நடந்தன. நன்கொடையாளர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்போல. மகாபலிபுரம் போகும் வழியில் அவரைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

ஒரு நாள் அவர் அடையாறு ஆபீசுக்கே வந்தார். மேடத்தின் நாய், மீன் வாடை வீசிய அவர் சேலையை விட்டு நகரவில்லை. அவர் ஒரு மீன்பாடி வண்டி வாங்கக் கடன் கேட்டார். முன்னால் பலகை வைத்து மிதிக்கிற மூன்று சக்கர வண்டி. தம்பி மிதிப்பான், ஐஸ் போட்டு மீனை வைத்துக்கொள்ளலாம், தலைச்சுமை போகும், இரண்டு மடங்கு தெரு சுற்றலாம் என்றார். கேட்ட எனக்கே அந்த வியாபாரத்தில் பங்கு சேரலாம் என்று தோன்றியது.

மேடம் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். "நாங்க சின்னக் கடன்தாம்மா குடுப்போம். வண்டின்னா நீங்க பேங்க்குக்குத்தான் போகணும்."

"பேங்குல உள்ளயே வுட மாட்டேன்றான்மா. அதுக்குத்தானே இத்த ஆரம்பிச்சோம்னு அன்னிக்கு மீட்டிங்குல சொன்னீங்க."

"ஸ்கீம்ல இல்லையேம்மா. நான் என்ன பண்ண முடியும்?"

அவர் படியிறங்கிப் போன பிறகு மேடம் என்னிடம் திரும்பி, குரலைத் தணித்துச் சொன்னார்: "வண்டில உக்காந்துண்டு வந்தா, அவளை ஏழைன்னு யாரு நம்புவா?"

அடுத்த முறை வந்த குழு பெரியது. வேனில் வந்தார்கள். தலைவராக ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக. வழக்கமான கேள்வியைக் கேட்டார்: இந்தக் கடனால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது?

மீன்காரம்மா கூடையை மணலில் இறக்கி வைத்தார்.

"இன்னா மாறிச்சா? நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் யாபாரம் போச்சி. அதான் மாறிச்சி. கூடையத் தூக்கு, எறக்கு, சிரி. சினிமாக்காரன் கூட்டியாந்தா துட்டு குடுக்குறான். இவங்களுக்கு நான் சொம்மா நடிக்கணுமா? துட்டு குடுத்தா சிரிக்கிறேன். இல்லாங்காட்டி, இந்த மீன் மொத்தத்தயும் வாங்கிக்கினு போவச் சொல்லு பாப்பா."

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் மாதக்கணக்காக விளக்கு ஏற்றி ஏற்றி எனக்கு அலுத்திருந்தது. ஒரு வார்த்தை விடாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சினிமாக்காரனையும் சேர்த்து.

மேடத்தின் முகம் அவர் சேலையின் காவி நிறத்துக்கு வந்தது. அப்புறம் அந்தத் தொப்பி அம்மாள் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"இதைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றார் அவர். "பேரம் பேசுகிறாள், பாருங்கள். தன் நேரத்துக்கு விலை உண்டு என்று தெரிந்திருக்கிறது."

"எங்கள் பயிற்சியின் பலன்" என்று மேடம் உடனே ஆங்கிலத்தில் சொன்னார்.

"கை தட்டிகினு கீறாங்களே, துட்டு உண்டா இல்லியா, அத்தக் கேளு" என்றார் மீன்காரம்மா என்னிடம்.

உண்டு என்றாயிற்று. தொப்பி அம்மாள் அங்கேயே கொடுத்தார். அதற்குப் பிறகு மேடத்தாலும் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கூலி என்று முடிவாகி, எங்கள் ஆபீஸ் கணக்கில் 'சிற்றுண்டி' என்று அது ஏறியது. மீன்காரம்மாவும் வாங்கிய கூலிக்கு வஞ்சகம் செய்யவில்லை. இருட்டு, விளக்கு எல்லாம் திரும்ப வந்தன. நடுவில் தொண்டை அடைப்பதுபோல நிறுத்தக்கூடக் கற்றுக்கொண்டார்.

அந்த வருடம் எங்கள் நிறுவனத்துக்கு இன்னொரு பெருமையும் வந்தது. நொச்சிக்குப்பத்தில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. மற்ற இடங்களில் முக்கி முனகிக் கட்டினார்கள். இங்கே மழை, புயல் எச்சரிக்கை, படகு இறங்காத நாள் எதுவானாலும் பணம் வந்துவிடும். மேடம் இதைக் கூட்டங்களில் சொன்னார். ஏழைகளின் நேர்மை என்று அரை மணி நேரம் பேசினார்.

வசூலுக்கு ஒரு வாரம் நானும் போயிருந்தேன். கடலில் காற்று அதிகம், நாலு நாளாகப் படகு இறங்கவில்லை. ஓர் இளம் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து, தவணைக்குப் பணம் போதவில்லை என்று தயங்கினாள். மீன்காரம்மா அவளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, கவிழ்த்திருந்த கட்டுமரத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தவள் முழுத் தவணையையும் கட்டினாள். அவளுக்கு அடுத்து இன்னொருத்தி போனாள். அப்புறம் இன்னொருத்தி.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன்.

"அக்கா, நீங்க தண்டலுக்கு விடறீங்களா?"

"பின்ன? சொம்மாவா குடுப்பாங்க? உங்க மேடம் சொம்மாவா குடுக்குது?"

"எங்க வட்டி கம்மிக்கா."

"கம்மிதான், யாரு இல்லன்னா? ஆனா புள்ளைக்கு ஜொரம்னு வந்தா இன்னிக்கே குடுப்பியா? ஃபாரம் எழுதணும், மீட்டிங்குக்கு வரணும், எய்ந்து நின்னு சத்தியம் பண்ணணும். அதுக்குள்ள ஜொரம் தானா வுட்ரும், இல்ல புள்ளையே போய்டும். எங்கிட்ட கேட்டா கேட்ட நேரத்துக்குக் கெடைக்கும்."

"வட்டிக்கு விட முதல் எங்கேருந்து வந்தது?"

"நீங்க குடுக்குற கூலிதான் பாப்பா" என்று சிரித்தார். யாரும் சொல்லாமலே சிரித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

தண்டலை ஒழிக்க வந்த கடனை, தண்டல் எடுத்துக் கட்டுகிறார்கள். அந்தத் தண்டலை எங்கள் வெற்றிக் கதையே நடத்துகிறது. மறுநாள் காலையில் முதல் வேலையாக மேடத்திடம் சொன்னேன். அவர் ஃபில்டர் காப்பியை ஆற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"வசூல்ல ஒண்ணும் குறையலையே?"

"இல்ல மேடம்."

"அப்புறம் என்னம்மா? அவங்க பணம் எங்கேருந்து கொண்டு வராங்கன்னு நாம கேக்கக் கூடாது. அது அவங்க தன்மானம்." காப்பியைக் குடித்து முடித்தார். "இதையெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லிண்டு இருக்காதே."

சில மாதங்களில் மீன்காரம்மாவுக்கு வண்டி வந்துவிட்டது. பழைய வண்டிதான். புதுப் பச்சைப் பெயின்ட் அடித்து, பக்கத்தில் அம்மன் படம் வரைந்திருந்தார்கள். தம்பி மிதிக்க, அவர் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கடற்கரையை ஒட்டிய லூப் ரோட்டில் போவதைப் பார்த்தேன். ஏழை என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

அடுத்த வருகைக்கு மேடம் வண்டியை ஒளித்துவைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். என் கணிப்பு தப்பியது. நிறுவனத்தின் பெயர் போட்ட துணிப் பேனரை வண்டியின் முன்னால் கட்டச் சொன்னார். விருந்தினர்கள் வண்டியைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஓர் இளைஞன் ஆர்வமாகக் கேட்டான்: இது இவர்கள் கொடுத்த கடனில் வாங்கியதா?

நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். மீன்காரம்மா மேடத்தை ஒரு தடவை பார்த்தார். மேடம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார் மீன்காரம்மா. "எல்லாம் இவங்க புண்ணியம்."

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். வேன் கிளம்பிப் போனதும் மேடம் கைப்பையைத் திறந்து வழக்கமான கூலியை நீட்டினார். மீன்காரம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, கையை நீட்டியபடியே நின்றார்.

"இது எனக்கு" என்றார். "வண்டிக்கு?"