ஸ்லாபும் கொச்சிக்காய்ச் செடியும்

எனக்குத் திட்டம் போடுவதென்றால் கொள்ளை ஆசை. எங்கள் தீவில், டாலிகஞ்ச் சரிவில் இருக்கும் எங்கள் தகரக் கூரை வீட்டைப் புதுப்பிப்பது என்று முடிவான அன்றே கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து வரைந்துவிட்டேன். தகரத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் ஸ்லாப். பின்பக்கம் அப்பாவுக்கு ஓர் அறை. அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே தோட்டம்: வேலியோரம் வாழை, பசலைக்கு ஒரு பந்தல், வெண்டைக்கு இரண்டு பாத்தி, கொச்சிக்காய்க்கு, அதாவது அப்பா பேச்சில் மிளகாய்க்கு, ஒரு பாத்தி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கலர் பென்சில். தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர், மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பவர், அதைப் பார்த்துவிட்டு, "செடிக்கெல்லாம் பேர் கூப்பிட்டு ஹாஜிரி எடுப்ப போல" என்றார். எடுத்திருப்பேன், விட்டிருந்தால்.

தோட்டம் அப்பாவுக்காக. சின்ன வயதில் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர் அவர். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியே ஆயுள் கழிந்தது. அம்மா இறந்த பிறகு அவரைத் தனியாக அங்கே விட்டு வைக்க எனக்கு மனமில்லை. இரண்டு வருஷம் கெஞ்சினேன். கடைசியில் போனில் சொன்னார்:

"வாறேன் புள்ள. ஆனா கை வைக்க மண்ணு இருக்கணும். செடி கொடி இல்லாம நாலு செவுத்துக்குள்ள என்னைய உக்கார வச்சேன்னா, திரும்பக் கப்பல்ல ஏத்தி விட்ரணும்."

சரி என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறவர் அல்ல அவர். தோட்டம் பட்டுப்போனால் அப்பா போய்விடுவார். அந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான்.

ஆனால் என் திட்டத்தில் வீடு முதலில், தோட்டம் பிறகு. இங்கே வருஷத்தில் எட்டு மாசம் மழை கொட்டும். கட்டட வேலை நடப்பது மிச்சமிருக்கும் காய்ந்த மாதங்களில்தான். அதனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கட்டடம், மே மாதம் முதல் மழை விழுந்ததும் நடவு என்று எழுதி வைத்திருந்தேன். அப்பா டிசம்பர் கடைசியில் வந்து இறங்கினார். பெட்டியில் இரண்டு சாரம், ஒரு சட்டை, செய்தித்தாளில் மடித்த கொச்சிக்காய் விதை. வந்த மூன்றாம் நாள் மண்ணைக் கொத்த ஆரம்பித்துவிட்டார்.

"மே மாசம் வரைக்கும் பொறுங்கப்பா. ஜனவரியில மழை நின்னா தண்ணிக்கு எங்க போறது?"

"மே மாசம் வரைக்கும் நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்குறது?"

அது நியாயமான கேள்வி. அதனால் கோபம் வந்தது. எனக்கு அப்படித்தான் வரும்.

பிப்ரவரியில் ஸ்லாப் போட்டார்கள். மேஸ்திரி பெங்காலி; தமிழ் வீடுகளில் வேலை செய்து செய்து ஒரு மாதிரி தமிழ் பேசுவார். ஸ்லாப்பின் மேல் சிமெண்டில் சின்னச் சின்ன வரப்பு எழுப்பி, கட்டம் கட்டமாகப் பிரித்து, "தீதி, இதுல எப்பவும் பானி நிக்கணும். இருபத்தொரு நாள். ஒரு நாள் காஞ்சாலும் கிராக் வரும். அப்புறம் பாரிஷ்ல, மழையில ஒழுகும், என்னச் சொல்லக்கூடாது" என்றார். மேலே ஏறிப் பார்த்தால் அப்பாவின் பாத்திகள் மாதிரியே இருந்தன. அவற்றில் தண்ணீர் இருந்தது. கீழே இருந்தவற்றில் இல்லை.

குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். அதுவும் முக்கால் மணி நேரம். வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. யாராவது முதலில் பார்த்தவர் தெருவில் "பானி ஆகயா" என்று குரல் கொடுப்பார். தெலுங்கு வீடு, மலையாள வீடு, எங்கள் வீடு எல்லாம் ஓஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். பகலில் நான் டெலானிபூரில் அலுவலகத்தில் இருப்பேன். அதனால் டிரம்களை நிரப்புவது அப்பாவின் வேலை.

நான் விதி போட்டேன். இரண்டு நீல டிரம் ஸ்லாபுக்கு. அதை யாரும் தொடக்கூடாது. ஒன்று சமையலுக்கும் பாத்திரத்துக்கும். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. தோட்டத்துக்குக் கிடையாது. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை உண்டு, அதனால் தினமும் காலையில் அலுவலகம் கிளம்பும் முன்பு காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டில் நிரப்பி, வேலை முடியும் வரை நாங்கள் தங்கிய முற்றத்துக் கொட்டகையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன்.

நான் தினமும் காலையும் மாலையும் ஏணியேறி ஸ்லாப்புக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேலை முடிந்து வந்ததும் முதலில் பார்ப்பது அப்பாவின் பாட்டில்களைத்தான். இரண்டும் காலியாக இருக்கும். நன்றாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது.

ஸ்லாப் முடிந்ததும் சுவர்ப் பூச்சு, அது முடிந்ததும் தரை. எல்லாவற்றுக்கும் தண்ணீர் காட்ட வேண்டும். இருபத்தொரு நாள் இரண்டு மாதமானது. வேலிக்கு அந்தப் பக்கம் எல்லார் வீட்டுச் செடியும் சருகாகிக் கொண்டிருந்தது. எங்கள் வெண்டை போய்விட்டது, பசலை போய்விட்டது. கொச்சிக்காய்ப் பாத்தியில் மட்டும் ஆறு செடி பச்சையாக நின்று பூ வைத்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. நீல டிரம்மில் பெயிண்டால் கோடு போட்டு வைத்தேன். வெயிலில் வற்றியதோ என்னவோ, மறுநாள் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது. அப்பா பாத்தியோரம் குந்தியிருந்தார்.

"இது யார் தண்ணி?" என்று கேட்டேன்.

"என் தண்ணிதான்."

"உங்களுக்குன்னு தனியா குழாய் வருதாக்கும்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செடியடியில் கிடந்த காய்ந்த இலையைப் பொறுக்கினார். நான் ஜங்லிகாட் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சின்னப் பூட்டு வாங்கி வந்து டிரம் மூடியில் மாட்டினேன். பெற்ற அப்பாவுக்கு எதிராகப் பூட்டு. அதை மாட்டியபோது எனக்கு வெட்கமாக இல்லை, கெட்டிக்காரத்தனமாக இருந்தது. இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

ஏப்ரலில் அவர் காலில் வீக்கம் தெரிந்தது. மூட்டு வலி என்று கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்த வீக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு காலை தேத்தண்ணி வேண்டாம் என்றார். மறுநாள் கஞ்சியை வாந்தி எடுத்தார். மூன்றாம் நாள் என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா ஹிந்தியில் கேட்டார், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று.

"ரெண்டு லிட்டர். நானே நிரப்பி வைக்கிறேன். சாயங்காலம் பாட்டில் காலியா இருக்கும்" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

டாக்டரம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு ஹிந்தியிலேயே மெதுவாகச் சொன்னார், மாத்திரை விழுங்க இரண்டு மடக்கு மட்டும் குடிப்பதாக. மிச்சம் எங்கே போனது என்று டாக்டரம்மா கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பித் தமிழில் பதில் சொன்னார்.

"அதான் அன்னைக்கே சொன்னேனே புள்ள. என் தண்ணின்னு."

பிரஷரால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாகத்தான் இருந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. வலி மாத்திரையும் இரண்டு மாத வறட்சியும் சேர்ந்து மிச்சத்தை முடித்துவிட்டன. இனி வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். "ஏன்ப்பா இப்படிப் பண்ணீங்க?" என்று வார்டில் உட்கார்ந்து அழுதேன். செடி செத்தால் நான் கப்பல் ஏற வேண்டியிருக்குமே, அப்படி நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேனே என்றார் அப்பா. உன்னை விட்டுப் போக எனக்கு மட்டும் இஷ்டமா என்றார். என் பயம்தான் அவருடைய பயமும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

மே மாதம் மழை பிடித்தது. மேஸ்திரி வந்து ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, "ஒரு கிராக் இல்ல தீதி. ஏக்தம் பக்கா. தண்ணி நல்லா காட்டினீங்க" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

டிரம்கள் நிரம்பி வழிகின்றன. மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி முற்றத்தில் ஓடுகிறது. வாழை நட்டாயிற்று, பசலை பந்தலேறிவிட்டது, தாளில் போட்ட திட்டப்படியே எல்லாம் இருக்கிறது. அப்பாவுக்கு இப்போது ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான், தேத்தண்ணியும் கஞ்சியும் சேர்த்து. அதற்கு மேல் போனால் வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். ஒரு தடவை முட்டி, பிழைத்தது பெரும்பாடு. கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று வைத்து நான்தான் அளந்து கொடுக்கிறேன். "இன்னும் ஒரு மடக்கு" என்பார். உதட்டில் ஈரத்துணி வைப்பேன்.

போன வாரம் மழை சற்று ஓய்ந்திருந்தபோது கட்டிலில் அவரைக் காணவில்லை. பின்பக்கம் போனேன். கொச்சிக்காய்ச் செடிகளுக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். செடிக்கு ஊற்றும் தகரக் குவளையை டிரம்மில் மொண்டு வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் நிறுத்தினார்.

"செடிக்குத்தான் புள்ள" என்றார்.

நான் பக்கத்தில் குந்தினேன். குவளையை அவர் கையிலிருந்து வாங்கினேன். விட மாட்டேன் என்று ஒரு கணம் விரல்கள் இறுகிப் பிறகு விட்டன. ஏற்கெனவே சேறாக இருந்த பாத்தியில், செடியடியில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன்.